நார் கட்டும் இடம்

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலக வளாகத்தில் ஒரு பழைய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் அடியிலிருந்து முதல் கவை வரை ஒரு கொடி ஏறிப் போயிருந்தது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம் இருக்கும். ஓரம் கிழிந்து, பச்சையில் மஞ்சள் தெறித்திருக்கும். என்ன கொடி என்று தோட்ட வேலை பார்த்த பெரியவரிடம் கேட்டேன். “மணி பிளான்ட்டும்மா. வீட்டுல பாட்டில்ல போட்டு வச்சிருப்பீங்களே, அதேதான்” என்றார். நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். குனிந்து, சருகுக்குள் ஓடிய ஒரு கிளையைத் தூக்கிக் காட்டினார். அதில் இலைகள் உள்ளங்கை அளவுகூட இல்லை. அந்தக் கிளையை விரலால் தொட்டபடியே மரத்துக்கு வந்தார். மரத்தைப் பற்றிய இடத்திலிருந்து இலை பெருத்துக்கொண்டே போனது.

பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மூரேயா என்ற சிறு தீவுதான் அந்தக் கொடியின் சொந்த ஊர் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எபிப்ரெம்னம் ஆரியம் என்பது தாவரப் பெயர். அது பூப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை அதனால் போதுமான அளவு உண்டாக்க முடியவில்லை என்று 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லை, விதை இல்லை. உலகம் முழுக்க வெட்டிய கணுக்களிலிருந்தே பரவியிருக்கிறது. ஆகவே டிவி ஸ்டாண்டின் மேல் பாட்டிலில் நிற்பதும் மரத்தில் முறம் முறமாக விரிந்ததும் வேறு வேறு ரகம் என்று சொல்ல வழியில்லை. ஒன்றுக்குப் பற்றிக்கொள்ள மரம் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. வெளிச்சமும் ஈரமும் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும், சரிதான். ஆனாலும் தொங்கவிட்டால் சிறுத்துக்கொண்டே போகும் இலை, ஏறவிட்டால் பெருக்கிறது. இந்தக் குடும்பத்துக் கொடிகள் பலவற்றுக்கும் இதுதான் சுபாவம்.

இது எனக்குப் புதிதாக இருந்திருக்கக் கூடாது. நான் சோழவந்தான்காரி. பெரியப்பாவின் கொடிக்காலில்தான் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன.

வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், வெளியே மதுரை வெயில் கொளுத்தும்போதும் உள்ளே வேறொரு பருவம் இருக்கும். அகத்தியை வரிசையாக விதைத்து, அது ஆளுயரம் தாண்டிய பிறகு அதன் காலடியில் வெற்றிலைக்கொடியை நடுவார்கள். அகத்திக்குப் பொடி இலை. வெயிலைச் சலித்துத்தான் கீழே விடும். வாய்க்காலில் எந்நேரமும் ஈரம் நிற்கும். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் பெரியப்பா எங்களை உள்ளே விடுவார். அகத்தி அளவு மீறி உயர்ந்துவிடாமல் நாலு மீட்டர் வாக்கில் தலையைக் கழித்துவிடுவார்கள். கழித்த கீரை வீட்டுக்கு வரும், மிச்சம் ஆட்டுக்கு.

கொடி கட்டுவதற்கு வாழைநார். முந்தின ராத்திரியே தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். காய்ந்த நார் முறுக்கும்போதே அறுந்துவிடும். பெரியம்மாவும் கூலிக்கு வந்த பெண்களும் இடுப்பில் நார்க்கட்டைச் செருகிக்கொண்டு வரிசையில் போவார்கள். கொடி ஒரு சாண் வளர்ந்ததும் ஒரு கட்டு, அடுத்த சாணுக்கு அடுத்த கட்டு. நானும் கட்டுவேன் என்று அடம்பிடித்து ஒரு நாள் பின்னாலேயே போனேன். பெரியப்பா என் கையைப் பிடித்து, கொடியில் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்.

“நடுத்தண்டுல கட்டாத தாயி. கணு எங்க இருக்குன்னு பாரு. கணுவ மரத்தோட சேத்து வையி. நார் சும்மா ஒரு தொணைக்குத்தான். வேர் புடிக்கிற வரைக்கும் நிக்கட்டும்.”

கணுவில்தான் சின்னச் சின்னதாக வேர் முளைக்கும். எங்கள் பக்கம் ஒட்டுவேர் என்பார்கள். அகத்திப் பட்டையை அது பற்றிக்கொண்டதும் நாருக்கு வேலை முடிந்தது. அதற்குள் நாரும் மக்கிப்போயிருக்கும். இந்தப் பொருத்தத்தை எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். கம்பியோ நைலான் கயிறோ மக்காது. தண்டு பருக்கும்போது அறுத்து உள்ளே இறங்கிவிடும்.

என் மகள் வேலைக்கு வெளியூர் போகும்போது ஒரு மான்ஸ்டெராவை வீட்டில் விட்டுப் போனாள். தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் காட்டுக்கொடி. 1849-இல் லீப்மன் என்ற டென்மார்க் தாவரவியலாளர் மான்ஸ்டெரா டெலிசியோசா என்று பெயரிட்டார். ஓட்டை விழுந்த, ஓரம் பிளந்த இலைக்காகவே இன்று நகரத்து வீடுகளில் எல்லாரும் வைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது இளங்கொடி. இலையில் ஓட்டை ஒன்றுமில்லை, ஓரத்தில் மட்டும் லேசான பிளவு. தொட்டி நடுவில் நர்சரியில் ஊன்றிக் கொடுத்த குச்சி: ஒல்லியான பிவிசி குழாய், அதன் மேல் தென்னை நார்க்கயிறு சுற்றியது. இலைக்காம்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பச்சைக் கம்பியால் அந்தக் குச்சியோடு கட்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்து எங்களோடு தங்கினார். கட்டுப் பிரித்த பிறகு, தூரத்தில் பார்க்காதே, குனியாதே, டிவி பார்க்காதே என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஹால் ஜன்னலோரம் நாற்காலியில் அவர், பக்கத்தில் மான்ஸ்டெரா. ஒரு காலைப்பொழுதில் அந்தக் குச்சியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காஞ்சு கெடக்கே. இதுல எப்படி வேர் புடிக்கும்?”

“ஆடாம நிக்கிறதுக்குத்தான் பெரியப்பா அது.”

“நிக்கிறதுக்குன்னா மூங்கி போதுமே. ஏறுறதுக்கு என்ன வச்சிருக்க?”

கடைகளில் விற்கும் பெரும்பாலான குச்சிகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. செடி சாயாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. ஏறுவதற்குப் பரப்பு கொடுப்பது வேறு வேலை. மெல்லிய கயிறு சுற்றிய குழாயில் ஊற்றுகிற தண்ணீர் அப்படியே வழிந்து இறங்கிவிடும். வேர் நுழைய இடமில்லை, நுழைந்தாலும் உள்ளே பிளாஸ்டிக். அவரைக்கும் சங்குப்பூவுக்கும் அது போதும். அவை தண்டாலேயே சுற்றிக்கொண்டு ஏறுபவை, அவற்றுக்கு ஒல்லியான கொம்புதான் பிடிக்கும். புடலைக்கும் பாகலுக்கும் பற்றுச்சுருள் உண்டு, பந்தலோ வலையோ போட்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். வெற்றிலை, மிளகு, மணி பிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான் எல்லாம் வேரால் ஒட்டி ஏறுபவை. அவற்றுக்கு அகலமான, சொரசொரப்பான, ஈரம் நிற்கிற முதுகு வேண்டும். பெரியப்பாவுக்கு இது பாடமாக வந்ததில்லை. எதற்குக் கொம்பு, எதற்குப் பந்தல், எதற்கு மரம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

இதே பிரிவினையைச் சார்லஸ் டார்வின் 1865-இல் ஏறுகொடிகளைப் பற்றிய தன் நீண்ட கட்டுரையில் செய்திருக்கிறார். உடம்பு முடியாமல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தபோது ஹாப் என்ற கொடியைத் தொட்டியில் வைத்துப் பகலும் இரவும் அதன் நுனி வட்டமிடுவதைக் கவனித்திருக்கிறார். வெயில் நாளில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் என்று கணக்கு எழுதியிருக்கிறார். வேரால் ஒட்டும் கொடிகளுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. நம் ஊர் காம்பவுண்டுச் சுவர்களில் படரவிடும் பொடி இலை அத்திக்கொடியின் வேர்களைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, அவை பிசுபிசுப்பான சின்னத் துளிகளைக் கசிய விடுவதைப் பார்த்திருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு இதை வாசித்துச் சொன்னேன். “வெத்தலையும் அப்படித்தான். ஈரமிருந்தா ஒட்டும், இல்லைன்னா வேர் கருகிரும்” என்றார்.

பச்சைக் கம்பியை அன்றைக்கே அறுத்தோம். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். மான்ஸ்டெராவுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. இலைகள் ஒரு பக்கமாக முகம் காட்டும், எதிர்ப்பக்கம் கணுக்களிலிருந்து காற்றுவேர் தடிமனாகப் புறப்படும். வேர் இருக்கிற அந்த முதுகுப்பக்கம்தான் தாங்கி வர வேண்டும். கட்டு தண்டில் விழ வேண்டும், காம்பில் விழக் கூடாது. மான்ஸ்டெராவின் காம்பு இலையைச் சேரும் இடத்தில் முழங்கை மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறது. வெளிச்சம் வரும் திசைக்கு இலையைத் திருப்பிக்கொள்வது அதனால்தான். காம்பைச் சேர்த்துக் கட்டிவிட்டால் இலை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். வெளிச்சம் முன்னால் இருந்து, தாங்கி பின்னால் இருந்து என்று தொட்டியைத் திருப்பி வைத்ததும் நாலைந்து நாளில் இலைகள் ஒவ்வொன்றாக ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்தன.

தாங்கிக்கு என்ன செய்வது என்று நிறைய பேசினோம். வெளிநாடுகளில் ஸ்பாக்னம் பாசியை வலைக்குழாயில் அடைத்துக் கட்டுகிறார்கள். ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் இங்கே விலை அதிகம். பொள்ளாச்சியில் மலை மலையாகத் தேங்காய் மட்டை இருக்கும்போது நாம் ஏன் பாசிக்குப் போக வேண்டும்? பிளாஸ்டிக் வலையை அரைவட்டமாக வளைத்து ஒரு பழைய பலகையின் மேல் ஆணியடித்தோம். உள்ளே மட்டைத் துண்டும் நார்க்கழிவும் கலந்து அடைத்தோம். தென்னை நாரில் உப்பு இருக்கும், அதனால் பக்கெட்டில் ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகுதான் அடைக்க வேண்டும். பலகையின் அடிப்பகுதி தொட்டியின் அடிவரை இறங்கியது. பிளாஸ்டிக் தொட்டியை மாற்றி, கனமான மண்தொட்டி வைத்தோம். மேலே ஏற ஏறத் தலைகனம் வந்து ஒரு நாள் மொத்தமும் கவிழும் என்பது பெரியப்பாவின் கவலை. நியாயமான கவலைதான். இலை பெருத்த மான்ஸ்டெரா நல்ல கனம்.

கொடியைக் கட்ட வாழைநார் மட்டும் இல்லை. தெருமுனைப் பூக்காரம்மாவிடம் கேட்டேன். பூக்கட்டுகிற நாரில் ஒரு பிடி எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். பெரியப்பா கண்ணுக்குச் சிரமம் கொடுக்காமல் கையாலேயே கணுவைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் அடியில் ஒரு விரல் நுழைகிற அளவு தளர்வாகக் கட்டினார். எனக்குக் காட்டிக்கொடுத்த அதே கட்டு.

அந்தக் கொடி எது என்று அவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஓர் இலையின் ஓரத்தைக் கிள்ளி முகர்ந்தார். வெற்றிலைக்காரரின் கை, அடுத்து வாய்க்குத்தான் போகும். “வாயில வச்சிராதீங்க பெரியப்பா, அரிக்கும். இது சேம்பு, சேனை வகையறா” என்று தடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவ எழுந்தார். சேனையும் சேம்பும் சேர்ந்த அந்தக் குடும்பத்தில் மரமேறுகிற உறவுக்காரர்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈரக்காடுகளிலேயே உண்டு. ராஃபிடோஃபோரா பெர்டுசா என்ற கொடிக்கு மான்ஸ்டெரா மாதிரியே இலையில் ஓட்டை விழும். குழந்தைகளும் நாய், பூனையும் உள்ள வீடுகளில் இவற்றை எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

தினமும் காலையில் பலகையின் உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவது பெரியப்பாவின் பொறுப்பாகிவிட்டது. கையை வைத்துப் பார்ப்பார், நார் ஈரமாக இருந்தால் விடமாட்டார். தொட்டி மண் வேறு கணக்கு, அது மேலே காய்ந்த பிறகுதான். ஏசி ஓடும் அறைக்குள் செடியை வைக்கச் சம்மதிக்கவில்லை, காற்று காய்ந்து நார் சீக்கிரம் உலர்ந்துவிடும் என்றார். அடித்தட்டில் நிற்கிற தண்ணீரை நான் அன்றன்றே கொட்டிவிடுவேன். டெங்கு கொசு முட்டை வைக்க அந்தத் தட்டு போதும். கணு இடுக்கில் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைப்போம்.

முதல் காற்றுவேர் வலைக்குள் நுழைந்த நாள் அவர் என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். அடுத்து விரிந்த இலை முந்தையதை விடப் பெரிது. அதற்கடுத்த இலையில் நடு நரம்பை ஒட்டி ஓட்டை விழுந்திருந்தது. சுருளாக இருக்கும்போதே ஓட்டையோடுதான் வருகிறது, விரிந்த பிறகு கிழிவதில்லை. அது விரியும் இரண்டு மூன்று நாளும் அவர் நாற்காலியை விட்டு நகரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே ஹாலில் புத்தக அலமாரிமேல் இருந்த மணி பிளான்ட்டிலிருந்து இலையே இல்லாத ஒரு நீண்ட கிளை கிளம்பி, ஜன்னலுக்கு முதுகு காட்டி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இருட்டுக்குள் போயிருந்தது. செடி என்றால் வெளிச்சத்தைத் தேடும் என்று படித்தவர்களுக்கு இது வினோதம். டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இருவர் 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைப் படித்தபோது இந்தக் கிளை ஞாபகம் வந்தது. கோஸ்டாரிகா காட்டில் மான்ஸ்டெரா இனக் கொடி ஒன்றின் நாற்றுகள் முளைத்ததும் வெளிச்சத்தை நோக்கிப் போகவில்லை. பக்கத்தில் எங்கே இருட்டு அதிகமோ அங்கே ஊர்ந்தன. காட்டுத்தரையில் அந்த இருட்டு பெரும்பாலும் ஒரு பெருமரத்தின் அடிமரம். மரத்தைத் தொட்ட பிறகுதான் திசை மாறி வெளிச்சத்துக்கு ஏறுகிறது. இதைச் சொன்னபோது பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மொதல்ல மரம், அப்புறந்தான் வெயிலு” என்றார்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது.

“இத எப்ப இறக்கிக் கட்டுவ?”

கொடிக்காலில் அது வருடாந்தர வேலை. வெற்றிலைக்கொடி வருடத்தில் மூன்று மீட்டர் உயரம் போய்விடும். அந்த உயரத்துக்கு மேல் கொடி சளைத்து இலை சிறுக்கும். பங்குனி வாக்கில் கொடியை மரத்திலிருந்து பிரித்து இறக்கி, அடிப்பகுதியைச் சுருட்டி மண்ணுக்குள் புதைத்து, நுனியை மறுபடி மரத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். புதைத்த கணுக்களிலிருந்து புதுக்கொடி கிளம்பும், இலை திரும்பவும் அகலமாகும். மான்ஸ்டெரா உயரப் போகப் போக இலை பெருக்கும் என்றதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “மேல போயும் சளைக்காதா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆனாலும் எங்கள் வீட்டில் கூரைக்குக் கீழே மின்விசிறி சுற்றுகிறது. அவர் போன பிறகு ஒரு மழைக்காலத்தில் மேல் இலை விசிறியை நெருங்கிவிட்டது. அப்போது நான் செய்ததும் ஒரு வகையில் இறக்கிக் கட்டுதல்தான். பலகையில் பாதிக்கு மேல், காற்றுவேர்கள் நாருக்குள் நன்றாக ஓடியிருந்த இடத்துக்குக் கீழே, கத்தியைத் துடைத்துக்கொண்டு தண்டை வெட்டினேன். பலகையையும் அந்த இடத்தில் அறுத்து, மேல் பாதியை வேர், நார், வலையோடு அப்படியே தூக்கி இன்னொரு மண்தொட்டியில் இறக்கினேன். வேர் ஏற்கெனவே பிடித்திருந்ததால் இலை துவளவே இல்லை. கீழே நின்ற மொட்டைத் தண்டின் கணுக்களிலிருந்து இரண்டு தளிர் வந்தது. ஒன்றுக்குப் பழைய பலகை இருக்கிறது. மற்றதற்கு இன்னொன்று செய்ய வேண்டும்.

நடுவில் கிடைத்த ஒரு கணுத்துண்டைச் சோழவந்தானுக்குக் கொடுத்தனுப்பினேன். பெரியப்பாவின் கொடிக்கால் இப்போது முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. வாடல் நோயில் ஒரு பகுதி போயிற்று. ஆள் கிடைக்காததில் இன்னொரு பகுதி. சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் நார் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தக் கணுவை முதலில் கிணற்றடித் தென்னையோரம் வைத்தார். மட்டை விழுந்தால் கொடியைக் கிழித்துக்கொண்டு வரும் என்று மனம் மாறி, கொல்லை மாமரத்தின் வடக்குப் பக்கம், நிழல் நிற்கிற இடத்துக்கு மாற்றினார். இப்போது இலை நன்றாக வருகிறதாம், ஓட்டை இன்னும் விழவில்லையாம்.

போன வாரம் போனில் கேட்டார்: “அதே மாமரத்துல மிளகு ஒண்ணு ஏத்தலாமா தாயி?”

“ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மூடிக்கும் பெரியப்பா. மிளகுக்குத் தனி மரம் பாருங்க.”

“அப்ப கல்யாண முருங்கைக் கம்பு ஒண்ண வெட்டி ஊணிர்றேன். இந்த மழையில வேர் விட்டுரும்” என்றார்.